கடைமடைக்கு வந்த ஆபீஸ்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை சாயங்காலம். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியிலிருந்து, என் கம்ப்யூட்டரின் சிபியூவைப் பழைய போர்வை ஒன்றில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். லேப்டாப் எல்லோருக்கும் போதவில்லை. மேசையில் இருப்பதையே கழற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் சீரியல் நம்பரை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பத்திரமா எடுத்துட்டுப் போங்கம்மா, பத்து நாள்ல எல்லாம் சரியாயிடும்" என்றார். அந்தச் சிபியூ மறுபடி அந்தக் கேட்டுக்குள் போக இரண்டு வருடம் ஆனது.

மறுநாள் காலையில் ஊர்க்காரர் ஒருவருடைய காரில் இடம் கிடைத்தது. மன்னார்குடி தாண்டி, கோட்டூர் பக்கம் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. செவ்வாய் மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144. அன்று இரவே 21 நாள் முழு ஊரடங்கு அறிவிப்பு. அதே 24-ஆம் தேதிதான் சட்டசபையில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகும் என்று அறிவித்தார்கள். வேறு எந்த நாளாக இருந்திருந்தாலும் டெல்டா முழுக்க அதைத்தான் பேசியிருக்கும். அன்றைக்கு யாரும் பேசவில்லை.

அந்த ஒரு வருடத்தைப் பற்றிப் பேசும்போது, ஐ.டி. வேலையை எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று நிரூபணமாகிவிட்டது என்பார்கள். என் அனுபவத்தில் அது பாதி உண்மைதான். ஆபீஸ் என்பது கட்டடம் மட்டும் இல்லை. நிற்காத கரன்ட், அறுகாத லைன், சத்தமில்லாத அறை, டீ, ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவிடும் கேப் எல்லாம் சேர்ந்ததுதான் ஆபீஸ். அந்த வருடம் அது கலைந்து துண்டு துண்டாக வீடுகளுக்கும் ஊர்களுக்கும் போனது. ஒவ்வொரு துண்டையும் யாரோ ஒருவர் சுமந்தார். எங்கள் ஊரில் யார் எதைச் சுமந்தார்கள் என்று எழுதி வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் போர்வை விஷயம். கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்துப்போவது அவ்வளவு பெரிய காரியமா என்று தோன்றலாம். அன்றைய சட்டப்படி பெரிய காரியம்தான். எங்கள் வளாகம் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருந்தது. வரிவிலக்கில் வாங்கிய கருவிகள் அந்த எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டும். இன்னொன்று, கால் சென்டர், பிபிஓ மாதிரியான வேலை செய்யும் நிறுவனங்கள் 'பிற சேவை வழங்குநர்' என்று தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த விதிகளின்படி ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்வதற்குத் தனி ஏற்பாடு உண்டு, ஆனால் ஒரு கோடி ரூபாய் பிணைத்தொகை, நிறுவனத்துக்கென்று பிரித்த தனி நெட்வொர்க் என்று நிபந்தனைகள். யார் அந்தப் பக்கம் போவார்கள்? 2020 மார்ச் 13-ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை இந்த நிபந்தனைகளை ஏப்ரல் 30 வரை தளர்த்தியது. பிறகு ஜூலை வரை, அப்புறம் டிசம்பர் வரை என்று நீட்டித்தார்கள். நவம்பர் 5-ஆம் தேதி பதிவு முறையையே எடுத்துவிட்டு, வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் நிறுவனத்தின் தொலைதூர ஊழியர் என்று ஏற்றுக்கொள்ளும் புது விதிகள் வந்தன. இருபது வருடமாக அசையாத ஒன்று எட்டு மாதத்தில் அசைந்தது. என் வாழ்க்கையை மாற்றிய அரசாணை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படாததில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, சட்டம் வழிவிட்டது. சிக்னல் வழிவிட வேண்டுமே.

அமெரிக்காவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் கணினி அமைப்புகள் ராத்திரியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் குழுவின் வேலை. வீட்டில் நான் ஒரு எழுத்தைத் தட்டினால் அது டவருக்குப் போய், சென்னைக்குப் போய், எங்கள் அலுவலகத்தின் விபிஎன் என்ற பாதுகாப்புக் கதவைத் தட்டி, கடலுக்கடியில் போகும் கேபிள் வழியாக அமெரிக்கா போய், அங்கே திரையில் விழுந்து, அந்தத் திரையின் படம் அதே வழியில் திரும்பி வர வேண்டும். எல்லாம் நன்றாக இருந்தாலே கால் நொடி ஆகும். கால் நொடி பழகிவிடும். எங்கள் ஊரில் மார்ச் மாதம் நான்கு நொடி, ஐந்து நொடி ஆனது. தட்டிய எழுத்து வரவில்லையே என்று மறுபடி தட்டுவேன், இரண்டும் சேர்ந்து வந்து விழும். நின்றுபோன சர்வரில் கட்டளை அடிக்கும் நேரத்தில் ஒரு எழுத்து கூடினால் என்ன ஆகும் என்பது இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

ஏன் அப்படி? ஊர்ப்புற டவரை அமைக்கும்போது அந்தப் பகுதியில் எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு பயன்படுத்துவார்கள் என்று ஒரு கணக்குப் போட்டுத்தான் அமைப்பார்கள். எங்கள் ஊர்க் கணக்கு சாயங்கால வாட்ஸ்அப்புக்கும் யூடியூபுக்கும் போட்டது. அந்த மார்ச்சில் சென்னை, திருப்பூர், கோயம்புத்தூரிலிருந்து ஊர்ப்பிள்ளைகள் பூராவும் திரும்பியிருந்தார்கள். பகல் முழுக்க எல்லோர் கையிலும் போன். நாடு முழுக்க இதே கதைதான்; மார்ச் 24-ஆம் தேதி பெரிய வீடியோ நிறுவனங்கள் எல்லாம் கூடி, மொபைலில் படத்தின் தரத்தை 480பி-க்கு மேல் போகாமல் குறைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டன. 2019 டிசம்பரில் நாளுக்கு ஒரு கோடி பேர் கலந்துகொண்ட ஜூம் கூட்டங்களில் 2020 மார்ச்சில் 20 கோடி பேர் கலந்துகொண்டார்கள்.

இதில் எங்களுக்கென்று இரண்டு கூடுதல் தொல்லை. ஒன்று, தென்னந்தோப்பு. ஈரமான இலை ரேடியோ அலையை உறிஞ்சும். அலைவரிசை உயர உயர உறிஞ்சுவது கூடும். 2300 மெகாஹெர்ட்ஸில் வரும் வேகமான 4ஜி தோப்பைத் தாண்டி வருவதற்குள் நைந்துபோகும். 850-இல் வருவது தூரம் போகும், ஆனால் அதன் பாதை குறுகல், கூட்டம் அதில்தான் நெரியும். இரண்டாவது, அந்த 2300-இல் அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஒரே பாதைதான். கொஞ்ச நேரம் இறங்குவதற்கு, கொஞ்ச நேரம் ஏறுவதற்கு என்று நொடிக்குள் பலமுறை மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். படம் பார்ப்பவர்களே அதிகம் என்பதால் இறங்கும் பக்கத்துக்கே நேரம் அதிகம். மீட்டிங்கில் நம் முகமும் குரலும் ஏற வேண்டும். அந்தப் பக்கம் மடை எப்போதும் குறுகல்.

இதை அப்பாவிடம் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். கேட்டுவிட்டு, "முறை வச்சுத் தண்ணி வுடுறான்னு சொல்லு" என்றார். மேட்டூரில் தண்ணீர் குறைவாக இருக்கும் வருடங்களில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று மாற்றி மாற்றி விடுவார்கள். முறை வைக்கும்போது முதல் அடி விழுவது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத்தான். தலைப்பில் இருப்பவன் வயலில் தண்ணீர் நிற்கும். எங்களுக்கு வாய்க்காலில் ஈரம் வருவதற்குள் முறை மாறிவிடும். அவர் ஒரே வரியில் பிடித்துவிட்டார். அதற்கப்புறம் நெட் போனால் அவர் கேட்கும் கேள்வி, "முறை மாறிடுச்சா பாப்பா?"

அந்த முதல் பத்து நாள் மாடியில் நின்று, தண்ணீர்த் தொட்டி மேல் போனை வைத்து, ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்த்தேன். தினம் ஒன்றரை ஜிபி. ஷிப்டு பாதி முடியும்போதே தீர்ந்துவிடும்.

என்னைக் காப்பாற்றியது ஊர்க் கேபிள்காரர். அவரிடம் ஃபைபர் இருந்ததற்குக் காரணம் கஜா புயல்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. எங்கள் பக்கம் வாரக்கணக்கில் இருட்டு. கம்பத்தோடு சேர்ந்து கேபிள் டிவி ஒயரும் போய்விட்டது. பதினைந்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் இழுத்த ஒயர் ஒரே ராத்திரியில் அறுந்து கிடந்தது. மறுபடி முதலிலிருந்து இழுக்க வேண்டும் என்றபோது, பழைய செம்பு ஒயரை இழுப்பதா, மன்னார்குடியில் வந்துவிட்ட கண்ணாடி ஒயரை இழுப்பதா என்று யோசித்து, மனைவியின் நகையை அடகு வைத்து ஃபைபரை இழுத்தார். புதிதாக நட்ட கம்பங்கள் நேராக நின்றன, இழுப்பதும் சுலபமாக இருந்தது. டிவி பார்க்க இவ்வளவு செலவா என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. அவர் எந்தப் பெருந்தொற்றையும் எதிர்பார்த்து அதைச் செய்யவில்லை. கஜா அழிக்காமல் விட்டுப்போன பக்கத்து ஊரில் பழைய ஒயரே ஓடியது, அந்த ஊர்ப் பிள்ளைகள் 2020-இல் சைக்கிளில் எங்கள் ஊருக்கு வந்து வேலை பார்த்தார்கள்.

பழைய ஒயருக்கும் புது ஒயருக்கும் வித்தியாசம் வேகம் மட்டும் இல்லை. செம்பு ஒயரில் சிக்னல் போகப் போக மங்கும், வழியில் ஆங்காங்கே ஆம்ப்ளிஃபையர் வைத்துத் தூக்கிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கரன்ட் வேண்டும். தெருவில் கரன்ட் போனால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. ஃபைபரில் கேபிள்காரர் வீட்டிலிருந்து ஒரே இழை புறப்பட்டு, கம்பத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் எட்டாகவோ பதினாறாகவோ பிரிகிறது. அந்தப் பெட்டிக்குக் கரன்டே தேவையில்லை, உள்ளே வெறும் கண்ணாடிதான். அவர் வீட்டிலும் என் வீட்டிலும் பேட்டரி இருந்தால் போதும், நடுவில் ஊரே இருட்டாக இருந்தாலும் லைன் ஓடும். ஊர்ப்புறத்தில் ஐ.டி. வேலை நடந்ததன் ரகசியம் இதில் பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன். மீதிப் பாதி அவர் வீட்டு வாசலில் இரவு பகல் பாராமல் வந்து நின்றவர்களுக்கு அவர் முகம் சுளிக்காதது.

ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு லைன் வந்தது. கடை எதுவும் இல்லாததால் மோடம் கிடைக்கவில்லை. டிவிக்காக வாங்கிவைத்துப் பயன்படுத்தாமல் கிடந்த தன் அண்ணன் வீட்டு மோடத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார். முற்றத்துக்கு மேலாக ஒயர் வந்து, கொல்லைத் தென்னை மரத்தில் ஒரு கட்டு, அங்கிருந்து ஜன்னல்.

ஜன்னலுக்கு உள்ளே நடந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையும் நாமும் கோடையில் ஒன்பதரை மணி நேரம் தள்ளி இருக்கிறோம். என் ஷிப்டு மாலை ஐந்தரையிலிருந்து ராத்திரி இரண்டரை வரை. எங்கள் வீட்டில் கதவு வைத்த அறை ஒன்றே ஒன்று, அது நெல் மூட்டை அடுக்கும் அறை. மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளி, அப்பா பள்ளிக்கூட மேசை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். நெல் வாசனையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பேன். நான் மீட்டிங்கில் இருக்கும்போது டிவி ஊமையாக ஓடும். அம்மா கிரைண்டர் போடும் நேரத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றினார், அப்புறம் நான் தூங்குவதால் அதையும் பன்னிரண்டுக்குத் தள்ளினார். வீட்டில் எல்லோரும் நுனிக்காலில் நடந்தார்கள். இரண்டரைக்கு நான் முடித்துப் படுத்தால் நான்கு மணிக்கு அப்பா எழுந்து வயலுக்குப் போவார். வீட்டில் விளக்கு அணைந்திருப்பது ஒன்றரை மணி நேரம்தான்.

ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு டீ கொண்டுவந்து வைத்த அம்மா, "உங்க கம்பெனில டீ போட ஆள் வச்சிருப்பாங்கள்ல?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வைத்திருந்தார்கள். மூன்றாவது மாடியில் எங்களுக்கு டீ கொடுத்த அக்கா ஜூன் மாதம் எனக்குப் போன் செய்தார். ஏப்ரலோடு ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டார், வாடகை கொடுக்க முடியாமல் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்விட்டோம், ஆபீஸ் எப்போது திறக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த அக்கா போட்ட டீயைத்தான் இங்கே அம்மா போட்டுக்கொண்டிருந்தார், சம்பளமில்லாமல். அன்றைக்குத்தான் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. கேப் ஓட்டியவர், துப்புரவு செய்தவர், கேன்டீன்காரர் என்று ஒவ்வொருவர் வேலையும் நின்றது. அந்த வேலை நிற்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டது.

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக அரசின் முதல் மதிப்பீடு சொன்னது. அப்படிப்பட்ட ஒரு நிதியாண்டில் இந்திய ஐ.டி. துறை 2.3 சதவீதம் வளர்ந்து 194 பில்லியன் டாலரைத் தொட்டது என்பது ஐ.டி. நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமின் கணக்கு. உலகமே இணையத்துக்கு மாறியதால் வேலை வந்தது, உண்மை. பயணச் செலவு, கட்டடச் செலவு குறைந்ததும் உண்மை. எனக்கு இணையத்துக்கென்று மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள், நன்றி. கரன்ட் பில், இன்வெர்ட்டர் பேட்டரி, நெல் அறை எல்லாம் அந்த ஆயிரத்துக்கு வெளியே. எங்கள் குழுவில் ஒப்பந்த ஊழியராக இருந்த ஒரு பையனை ஜூலையில் ஒரு போன் அழைப்பில் அனுப்பிவிட்டார்கள். அவனுடைய சிபியூவைத் திரும்பக் கொடுக்க இ-பாஸ் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. வேலையை இழந்தவன் கருவியை ஒப்படைக்க அரசிடம் அனுமதி வாங்கிப் போன அந்தப் பயணத்தை என்னால் மறக்க முடியவில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று ஆனது செப்டம்பர் 1-ஆம் தேதியிலிருந்துதான். 7-ஆம் தேதியிலிருந்து வெளிமாவட்ட பஸ் ஓடியது.

இன்னொரு விஷயம் என் மனதை அறுத்தது. நிறுவனத்தின் விதிப்படி என் இணைப்பை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது, நான் வேலை செய்யும் இடத்தில் வேறு ஆள் இருக்கக் கூடாது. எதிர் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. அவளுக்கும் தம்பிக்கும் சேர்த்து அப்பாவின் போன் ஒன்றுதான். அவர் வயலிலிருந்து வந்தால்தான் பாடம். பகலில் என் சிபியூ அணைந்திருக்கும் நேரத்தில், நான் இரண்டாவதாக ஒரு பழைய ரூட்டரை வாங்கி, வேலை இணைப்பிலிருந்து பிரித்து, திண்ணைப் பக்கம் வைத்தேன். பாஸ்வேர்டைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். ஒரு வாரத்தில் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள். 2021 ஜனவரியில் அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அட்டை அறிவித்தது, ஒன்பது லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. நல்ல திட்டம்தான். ஆனால் அது வந்தது முதல் ஊரடங்குக்குப் பத்து மாதம் கழித்து, கல்லூரிக்கு மட்டும். ஒன்பதாம் வகுப்புக்குத் திண்ணைதான்.

இதற்கிடையில் ஆறு வந்தது. ஜூன் 12-ஆம் தேதி, எட்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் குறித்த நாளில் மேட்டூரைத் திறந்தார்கள். 16-ஆம் தேதி கல்லணை. ஊரே முகக்கவசம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றது. கடைமடையான எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று சாயங்காலம் நான் லாகின் செய்ய ஐந்து நிமிடம் தாமதம். பத்து வருடமாக ஊரில் இல்லாததால் வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதை நான் பார்த்ததே இல்லை. சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, நடந்து வருவதுபோல் வந்தது. பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடினார்கள். அந்த வருடம் எனக்குக் கொடுத்ததில் இதுவும் ஒன்று, இதை விட்டுவிட்டுக் கணக்கு எழுதினால் நியாயமில்லை.

செப்டம்பரில் அப்பா பத்து மாவிலும் சம்பா நேரடி விதைப்பு செய்தார். மா என்பது நூறு குழி, மூன்று மா ஒரு ஏக்கர். பயிர் நன்றாகத் தூர் கட்டி வந்த நேரத்தில் நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல். எங்கள் பக்கம் வரும் என்று பயந்தோம், அது வடக்கே போய் மரக்காணம் பக்கம் கரை கடந்தது. மூச்சு விட்டோம். ஒரு வாரத்தில் புரெவி. அது இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து, நகராமல் நின்றுகொண்டது. நகராத புயல் எங்களுக்குக் கெடுதல். காற்று இருக்காது, மழை நிற்காது. மூன்று நாள் பெய்தது. வடிகால் வாய்க்கால் எதிர்த்து ஏறியது, வயலுக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

டிசம்பர் 4 மதியம் புளியமரக் கிளை விழுந்து எங்கள் தெரு ஃபைபர் அறுந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு. ஐந்தரைக்கு ஷிப்டு, ஆறரைக்கு வாடிக்கையாளரோடு முக்கியமான மீட்டிங். கேபிள்காரர் நாலு மணிக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார், பின்னால் அவர் மனைவி, மடியில் பிளாஸ்டிக் கவர் சுற்றிய, ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மிஷின். அவர் ஏணியில் ஏறவில்லை, அறுந்த இரண்டு முனைகளையும் கீழே இழுத்து எங்கள் திண்ணையில் வைத்துக்கொண்டார். அக்கா குடை பிடித்தார்.

நான் அதுவரை ஃபைபரைக் கையால் தொட்டதில்லை. பிளேடால் கறுப்புத் தோலைக் கீறி உரித்தார். உள்ளே நீல நிறத்தில் ஒரு நூல். அந்த நீலத்தையும் ஸ்ட்ரிப்பரால் வழித்தெடுத்தால் மிச்சம் இருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு கண்ணாடி இழை, ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிமன். ஒளி ஓடுவது அதற்கும் நடுவில், அந்த இழையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத அகலத்தில். ஸ்பிரிட் நனைத்த தாளால் துடைத்தார், கீச் என்று ஒரு சத்தம் வந்தது. "இந்தச் சத்தம் வந்தாத்தான் சுத்தம்" என்றார். கிளீவரில் வைத்து அழுத்தினார், முனை நேராக வெட்டுப்பட்டது. வெட்டிப் போட்ட துண்டு காலில் ஏறினால் எடுக்க முடியாது என்று ஒவ்வொன்றையும் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார் அக்கா. இரண்டு முனையையும் மிஷினில் வைத்து மூடியபோது சின்னத் திரையில் இரண்டு தூண்கள்போல் பெரிதாகத் தெரிந்தன. மிஷின் அவற்றைத் தானாக நேர்ப்படுத்தியது, ஒரு பொறி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. திரையில் 0.02 என்று வந்தது. இழப்பு அவ்வளவுதான். மேலே ஒரு குழாய் மாட்டிச் சூடு காட்டி மூடினார். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பவர் மைனஸ் இருபதுல இருக்கு, போங்கம்மா, வேலையப் பாருங்க" என்றார். மணி ஐந்தேகால். அவர் வீட்டுக்குள்ளும் அன்று முழங்கால் அளவு தண்ணீர் என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

ஆறரை மணி மீட்டிங்கில் வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர், புயல் என்று கேள்விப்பட்டோம், சமாளித்துவிட்டீர்களா என்று கேட்டார். என் மேலாளர், வேலை தடைபடாமல் இருப்பதற்கான எங்கள் தொடர்ச்சித் திட்டம் நன்றாக வேலை செய்கிறது என்று பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் அன்று வாயைத் திறந்து, எங்கள் ஊரில் இரண்டு பேர் மழையில் குடை பிடித்து ஒட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்காகவும்தான் இப்போது எழுதுகிறேன்.

வயல் ஒருவழியாக வடிந்தது. பயிர் பாதி பிழைத்தது. கதிர் முற்றி, அறுவடை மிஷினுக்குச் சொல்லிவைத்த ஜனவரியில், பெய்யவே கூடாத நேரத்தில் மறுபடி மழை. பொங்கல் அன்றும் பெய்தது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். அப்பா நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்தார், மேகம் வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடினார். பகலில் நானும் கூட நின்று கிளறினேன், ஐந்தரைக்குக் கை கழுவிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தது, அது அப்பாவைத் தூக்கி நிறுத்தியது. அந்த மாதங்களில் வீடு என் சம்பளத்தில் ஓடியது. என் சம்பளம் அவர் கொடுத்த அறையில் ஓடியது.

2022-இல் திரும்பிப் போனேன். அதே போர்வை, அதே சிபியூ. செக்யூரிட்டி அண்ணன் இல்லை, வேறொருவர் சீரியல் நம்பரைச் சரிபார்த்தார். பழைய நோட்டு கிடைக்கவில்லை என்றார்.

நெல் அறை மறுபடி நெல் அறையாகிவிட்டது. இணைப்பை மட்டும் அப்பா எடுக்க விடவில்லை. நான் மாதாமாதம் கேபிள்காரருக்குப் பணம் அனுப்புகிறேன், திண்ணைச் சுவரில் பாஸ்வேர்டு இருக்கிறது, மழையில் அழிந்தால் எதிர் வீட்டுப் பிள்ளை எழுதிவிடுகிறாள். அவள் இப்போது மன்னார்குடியில் கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் அப்பா போன் செய்தார். வைக்கோல் ஏற்றிக்கொண்டு போன வண்டி தெரு ஒயரை இழுத்துவிட்டதாம், மோடத்தில் சிவப்பு விளக்காம். கேபிள்காரருக்குச் சொல்லிவிட்டாராம், அவரும் அக்காவும் வந்துகொண்டிருக்கிறார்களாம். "வெயில்தான், குடை வேண்டியதில்ல" என்றார்.